செராமிக் கல்லில் பிசிறு எடுப்பது

கத்தி தீட்டுவதைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கல்லைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை கிரிட் கல் (கல்லின் துகள் எவ்வளவு நைசு என்பதைச் சொல்லும் எண்) வாங்கலாம், வைரத் தகடு நல்லதா, வெள்ளை செராமிக் கல்லுக்கு அவ்வளவு விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்பவை வழக்கமான கேள்விகள். கேட்டவரின் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அவர் வைத்திருக்கும் கல்லிலோ அவர் தேய்த்த கோணத்திலோ பெரிய குறை எதுவும் இருப்பதில்லை. வாயின் ஓரம் நெடுகப் பிசிறு, அதாவது தீட்டும்போது வாய்முனையில் எழும் மெல்லிய எஃகு இழை, அப்படியே நின்றுகொண்டிருக்கும். அவர் கத்திக்குக் கூர் வரச் செய்திருக்கிறார், ஆனால் பிசிறை எடுக்காமல் நிறுத்தியிருக்கிறார். செராமிக் கற்களைப் பயன்படுத்துகிறவர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தென்படுவதற்கு அந்தக் கற்களின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், இன்னும் நைசான கல் ஒன்றை வாங்காமலேயே, கையில் இருக்கும் கல்லிலேயே பிசிறை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கத்தியின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்க்கத் தேய்க்க, இரண்டு சரிவுகளும் சந்திக்கும் வாய்முனையில் எஃகு மெலிந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்த மெல்லிய ஓரத்தால் கல்லின் அழுத்தத்தை எதிர்த்து நிற்க முடிவதில்லை. கல் அதை அரித்தெடுப்பதற்குப் பதிலாக அது கல்லை விட்டு நழுவி மறுபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த பகுதியைக் கல் இனித் தொடுவதில்லை என்பதால் அது தேயாமல் அங்கேயே தங்கி, மேலும் தேய்க்கும்போது மேலும் நீள்கிறது. கடைசல் பட்டறையில் இரும்பை அறுத்த பிறகு விளிம்பில் நிற்கும் பிசிறும் இதுவும் ஓரினம்தான், அளவில்தான் வேறுபாடு. முரட்டுக் கல் எழுப்பும் பிசிறை விரலால் தெளிவாக உணரலாம். நைசான செராமிக் கல் விட்டுச் செல்லும் பிசிறு சில மைக்ரான் அளவே இருக்கும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், விரலின் உணர்ச்சிக்கு அது ஏன் தப்பிவிடுகிறது என்பது விளங்கும்.

பிசிறு எழுவது நல்ல அடையாளம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்தைத் தேய்த்து மறுபக்கத்தில் பிசிறு எழுந்தால்தான் கல் வாய்முனை வரை எட்டியிருக்கிறது என்று பொருள். கைப்பிடி முதல் நுனி வரை எந்த இடத்தில் பிசிறு எழவில்லையோ, அந்த இடத்தில் பழைய மழுங்கல் இன்னும் மிச்சம் இருக்கிறது. எனவே பிசிறே வராமல் தீட்ட வேண்டும் என்று முயல்வது பயனற்றது. தேவையான அளவு எழுப்பி, எழுந்தது தெரிந்தவுடன் நிறுத்தி, பிறகு அதை எடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் ஜெர்மன் வகைச் சமையல் கத்தியை எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 என்ற எஃகால் ஆனவை. அதில் கரி சுமார் 0.5 சதவீதம், குரோமியம் சுமார் 15 சதவீதம். ராக்வெல் அளவில் அதன் கடினம் 55 முதல் 58 வரை இருக்கும். துருப்பிடிக்காது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது, சமையலறையின் முரட்டுக் கையாளுதலைப் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமைதான் பிசிறு விஷயத்தில் தொல்லையாகிறது. உடையாமல் வளையக்கூடிய எஃகு என்பதால் அதன் பிசிறும் உடையாமல் வளைகிறது. இடப்பக்கம் தேய்த்தால் வலப்பக்கம் சாயும், வலப்பக்கம் தேய்த்தால் இடப்பக்கம் திரும்பும், இப்படிப் பல முறை புரண்டாலும் அறுந்து விழாது.

நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற 30 மடங்கு உருப்பெருக்கி ஒன்றை நான் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நடுத்தரக் கல்லில் தேய்த்த ஜெர்மன் கத்தியின் வாயை அதன் வழியே பார்த்தால், சரிவின் மேல் இணையான கீறல்கள் வரிசையாக ஓடி வாய்முனையில் முடியும். முடிகிற இடத்தில் வெள்ளித்தாளின் கிழிந்த ஓரம் போலப் பளபளக்கும் ஒரு மெல்லிய நாடா தெரியும். அது ஒரே சீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் அகன்றும் அடுத்த இடத்தில் அறவே இல்லாமலும், சில இடங்களில் கீறலின் திசையிலேயே நூல் நூலாகப் பிரிந்தும் நிற்கும். கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, கத்தியைச் சற்றே திருப்பினால் அந்த நாடா மட்டும் தனியாக மின்னும். பிசிறு நீங்கிய வாயில் அந்த மின்னல் இருக்காது, ஏனென்றால் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அங்கே பரப்பு எதுவும் மிஞ்சுவதில்லை.

பிசிறின் தீமை அது மழுங்கலாக இருப்பதில் இல்லை. அது கூராக இருப்பது போலத் தோன்றுவதில்தான் இருக்கிறது. கடைசியாகத் தேய்த்த சில தேய்ப்புகளில் பிசிறு இரு பக்கமும் சாயாமல் நேராக நிமிர்ந்துவிட்டால், அந்த நாடாவே ஒரு மெல்லிய வாயாகிவிடுகிறது. அப்படிப்பட்ட கத்தி செய்தித்தாளைச் சீவும், கை முடியையும் மழிக்கும். தீட்டியவர் மனநிறைவோடு கல்லைத் துடைத்து வைத்துவிடுவார். பிறகு ஒரு வெங்காயத்தை நறுக்கி, கத்தி பலகையைத் தொட்ட சில தடவைகளுக்குள் அந்த நாடா மடங்கிவிடும். அன்று மாலையே தக்காளித் தோலில் கத்தி வழுக்கும். ‘இந்தக் கத்தியில் கூர் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்று ஒருவர் சொல்லும்போது நான் முதலில் சந்தேகிப்பது எஃகை அல்ல, எடுக்கப்படாத இந்தப் பிசிறைத்தான்.

செராமிக் கல் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன என்பதை இங்கே பிரித்துச் சொல்வது அவசியம். ஜப்பானின் ஷாப்டன் நிறுவனத்தின் குரோமாகு வரிசை போன்றவை, அலுமினியம் ஆக்சைடு துகள்களைப் பிசினில் பிணைத்துச் செய்யப்படும் தண்ணீர்க் கற்கள். ஊற வைக்க வேண்டியதில்லை, தண்ணீர் தெளித்தால் போதும். தேய்க்கும்போது அவை சிறிது சிறிதாகக் கரைந்து புதிய துகள்களை வெளியே கொண்டுவரும். இன்னொரு வகை, அதே அலுமினியம் ஆக்சைடை ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கட்டியாகும்படி செய்யப்படுவது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோல்டன் என்ற ஊரில் இருக்கும் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் பழுப்பு, வெள்ளைக் கற்கள் இந்த வகை. இந்தக் கட்டுரை முழுவதும் நான் செராமிக் கல் என்று குறிப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஸ்பைடர்கோ நிறுவனம் கத்தி செய்யத் தொடங்குவதற்கு முன்பே தீட்டும் கருவியைச் செய்தது. ஷார்ப்மேக்கர் என்ற அதன் கருவி 1978இல் வந்தது, அதன் முதல் கத்தி 1981இல்தான் வெளியானது. ஒரு பிளாஸ்டிக் அடிப்பலகையில் முக்கோணக் கம்பிகள் இரண்டை வி வடிவில் செருகி, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழாக மாறி மாறி இழுப்பதுதான் அதன் முறை. பக்கத்துக்கு 15 டிகிரி, 20 டிகிரி என்று இரண்டு கோணங்களுக்கான துளைகள் அதில் உண்டு. பழுப்புக் கம்பி நடுத்தரம், வெள்ளைக் கம்பி நைஸ். அதே பொருளில் 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் கொண்ட மேசைக் கற்களும் கிடைக்கின்றன. வெள்ளைக் கல்லின் மேற்பரப்பை வைரத்தால் மேலும் சமன்படுத்தியதுதான் மீநைஸ் என்று விற்கப்படும் கல்.

சுட்டுக் கட்டியான இந்தக் கல் கரைவதில்லை, தேயும்போது சேறு போன்ற குழைவு தருவதில்லை, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினாலும் நடுவில் குழி விழுவதில்லை. இவையெல்லாம் அதன் பெருமைகள். பிசிறைப் பொறுத்தவரை இதே பெருமைகள் வேறு விதமாக வேலை செய்கின்றன. தண்ணீர்க் கல்லில் சேரும் குழைவில் தளர்வான துகள்கள் இருக்கின்றன, அவை வாய்முனையைச் சற்றே மழுங்கச் செய்தாலும் பிசிறையும் சேர்த்து அரிக்கின்றன. செராமிக் கல்லில் அப்படி எதுவும் இல்லை. அதன் துகள் முனைகள் உருண்டு வழவழப்பாகிவிட்டாலோ, அவற்றின் இடைவெளிகளில் இரும்புத் துகள் அடைந்துவிட்டாலோ, கல் அரிப்பதைக் குறைத்துக்கொண்டு எஃகை அழுத்தித் தேய்த்து மெருகேற்றத் தொடங்குகிறது. அழுத்தப்பட்ட எஃகு வாய்முனையை நோக்கி இழுபட்டு இன்னும் மெல்லிய பிசிறாக நீள்கிறது. நடுத்தரக் கல்லில் எழுந்த பிசிறோடு வெள்ளைக் கல்லுக்குப் போகிறவர் பிசிறை எடுப்பதில்லை, அதற்குப் பளபளப்பு ஏற்றுகிறார். அதற்கும் மேலே மீநைஸ் கல்லுக்குப் போனால் பிசிறு இன்னும் மெலிந்து, இன்னும் நேராக நின்று, இன்னும் நன்றாக ஏமாற்றும்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறையில் பிசிறை எடுக்கும் வேலையின் பெரும்பகுதி நடுத்தரப் பழுப்புக் கல்லிலேயே முடிந்துவிடுகிறது. முதலில் ஒரு பக்கத்தைத் தேய்த்து, கைப்பிடியை ஒட்டிய இடத்திலிருந்து நுனி வரை பிசிறு எழுந்துவிட்டதா என்று பார்க்கிறேன். எழுந்த பிறகு ஒரு தேய்ப்புகூடக் கூடுதலாகத் தேய்ப்பதில்லை, ஏனென்றால் அதன் பிறகு ஒவ்வொரு தேய்ப்பும் பிசிறை வளர்க்க மட்டுமே பயன்படும். மறுபக்கத்திலும் அவ்வாறே செய்கிறேன். இதுவரை அழுத்தம் கொடுத்துத் தேய்க்கலாம். இங்கிருந்து அழுத்தத்தைக் குறைப்பதுதான் வேலையின் மையம்.

அழுத்தத்தைக் குறைப்பது என்று சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால், கல்லைச் சமையலறைத் தராசின் மேல் வைத்துத் தேய்த்துப் பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. கல்லின் எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சாதாரணமாகத் தேய்க்கும் கை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை அழுத்துவது தெரியும். மெதுவாகத் தேய்க்கிறேன் என்று நம்பும் கைகூட அரைக் கிலோவுக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. பிசிறு எடுக்கும்போது தராசு 100 கிராமுக்கு மேல் காட்டக்கூடாது, கடைசித் தேய்ப்புகளில் அதில் பாதி போதும். கத்தியின் சொந்த எடையில் ஒரு பகுதியைக் கையே தாங்கிக்கொள்ள வேண்டிய அளவு அது. தராசைப் பார்த்துப் பழகிய கைக்கு அந்த இலேசு நினைவில் நின்றுவிடுகிறது, பிறகு தராசு தேவைப்படாது.

அந்த இலேசான அழுத்தத்தில், வாய் முன்னே செல்லும்படி, கல்லின் மேல் ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுக்கப் போவது போன்ற திசையில் மட்டும் தேய்க்கிறேன். முதுகு முன்னே சென்று வாய் பின்னால் இழுபடும் தேய்ப்பு பிசிறை நீட்டி நிமிர்த்தும். வாய் முன்னே செல்லும் தேய்ப்பில் பிசிறின் அடிப்பகுதி கல்லின் துகள்களை எதிர்கொண்டு அரிபடுகிறது. பக்கத்துக்கு ஐந்தாறு தேய்ப்புகளில் தொடங்கி, பிறகு பக்கத்துக்கு இரண்டிரண்டாகவும், கடைசியில் ஒன்று மாற்றி ஒன்றாகவும் குறைத்துக்கொண்டே வருகிறேன். ஒவ்வொரு முறையும் பிசிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, சாய்ந்திருக்கும் பக்கத்தையே கல்லில் வைக்கிறேன். பழுப்புக் கல் புதிதாகத் துடைக்கப்பட்டிருந்து, அழுத்தமும் இப்படி இறங்கினால், வழக்கமான பிசிறில் பெரும்பகுதி இங்கேயே காணாமல் போய்விடும்.

ஜெர்மன் கத்தியில் இதற்குப் பிறகும் ஒரு மெல்லிய மிச்சம் இங்குமங்கும் புரண்டுகொண்டிருக்கும். அதற்குக் காரணம் கோணம். தீட்டிய அதே கோணத்தில் கத்தியை வைக்கும்போது அழுத்தம் சரிவு முழுவதிலும் பரவுகிறது, பிசிறின் அடிக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறிய பங்கு. முதுகைச் சற்றே உயர்த்தினால் கல் சரிவை விட்டுவிட்டு வாய்முனையை மட்டும் தொடுகிறது. அப்போது மிக இலேசான அழுத்தமும் அந்த நூலிழை அகலத்தில் முழுவதுமாக இறங்கி, பிசிறை அதன் அடியிலேயே அரிந்துவிடுகிறது. எவ்வளவு உயர்த்துவது என்பதைக் கணக்காகச் சொல்லலாம். கத்தியின் அலகு 45 மில்லிமீட்டர் அகலம் என்றால், 15 டிகிரி கோணத்தில் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 14 மில்லிமீட்டராக்கினால் கோணம் 18 டிகிரி ஆகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் உயர்வுதான் வேண்டியது. அந்த உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு தேய்ப்புகள், கத்தி கல்லைத் தொடுகிறதா இல்லையா என்ற அளவு இலேசாக. அதற்கு மேல் தேய்த்தால் புதிய கோணத்தில் புதிய பிசிறு எழத் தொடங்கும்.

ஷார்ப்மேக்கரில் இது இன்னும் எளிது. 15 டிகிரித் துளையில் தீட்டியவர், கம்பிகளை 20 டிகிரித் துளைக்கு மாற்றி இரண்டே இழுப்புகள் இழுத்தால் போதும். ஆனால் கம்பியில் கத்தி தொடும் இடம் மிகச் சிறியது என்பதால் அங்கே இறங்கும் அழுத்தம் மேசைக் கல்லைவிடப் பல மடங்கு கூடுதல். முக்கோணத்தின் விளிம்பில் இழுக்கும்போது அது இன்னும் கூடும். பக்கத்துக்கு 20 இழுப்புகள் என்ற அதன் வழக்கமான வரிசையை ஒரே அழுத்தத்தில் இழுத்து முடிக்கிறவர்களின் கத்தியில் பிசிறு தங்கிவிடுவதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு வரிசையின் பின்பாதியிலும் கையை இலேசாக்கிக்கொண்டே வர வேண்டும். கத்தியைக் கையில் பிடித்து விசிறுவது போல உரசும் செராமிக் தீட்டுக்கம்பிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கோணத்தை உயர்த்துவது கூர்மையைக் கெடுத்துவிடாதா என்று சிலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு தேய்ப்புகளால் உண்டாகும் இரண்டாம் சரிவு கண்ணுக்குத் தெரியாத அகலம் கொண்டது, கத்தி காய்கறிக்குள் இறங்கும்போது அதன் எதிர்ப்பை யாரும் உணர முடியாது. உண்மையில் அது வாய்முனைக்குச் சற்றுத் தாங்குதிறனையும் சேர்க்கிறது. விரும்பினால் பழைய கோணத்துக்குத் திரும்பி மேலும் ஒன்றிரண்டு இலேசான தேய்ப்புகளில் அதையும் நீக்கிவிடலாம். ஜெர்மன் கத்தியில் நான் அப்படி நீக்குவதில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

பழுப்புக் கல்லில் பிசிறு நீங்கியது உறுதியான பிறகே வெள்ளைக் கல்லை எடுக்கிறேன். அங்கே செய்ய வேண்டியது மிகக் குறைவு. இலேசான சில தேய்ப்புகள், பிறகு முதுகை உயர்த்தி ஒரு பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

பிசிறு எங்கே ஒளிந்துகொள்ளும் என்பது தெரிந்திருந்தால் தேடுவது எளிது. வாய் வளைந்து நுனியை நோக்கி ஏறும் இடத்தில் கைப்பிடியை உயர்த்தத் தவறினால் அங்கே பிசிறு தங்கிவிடும். கைப்பிடிக்கு முன்னால் தடித்த இரும்புக் கட்டு வைத்த ஜெர்மன் கத்திகளில், அந்தக் கட்டு கல்லின் ஓரத்தில் முட்டுவதால், அதை ஒட்டிய ஓர் அங்குலத்தைக் கல் சரியாகத் தொடுவதில்லை. அங்கே எழுந்த பிசிறு மற்ற இடங்களெல்லாம் சுத்தமான பிறகும் அப்படியே நிற்கும். அந்தப் பகுதியை மட்டும் கல்லின் விளிம்பிலோ ஷார்ப்மேக்கர் கம்பியிலோ தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சோதிக்கும் முறைகளில் விரலால் தடவிப் பார்ப்பது பலரும் அறிந்தது. கட்டை விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே போகும்படி மட்டும் தடவ வேண்டும், வாயின் நீளத்தில் ஒருபோதும் தடவக்கூடாது. பெரிய பிசிறை இது காட்டிக்கொடுக்கும், வெள்ளைக் கல்லின் பிசிறை இதனால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பஞ்சு நல்லது. ஒரு சிறிய பஞ்சு உருண்டையை அதே திசையில் வாயின் ஓரமாக உரசினால், பிசிறு மிஞ்சியிருக்கும் இடத்தில் ஓரிரு இழைகள் சிக்கிக்கொண்டு நிற்கும். நிமிர்ந்து நிற்கும் பிசிறு இதற்கும் அகப்படாமல் போகலாம். அதைப் பிடிக்க நான் நம்புவது இரண்டு கட்டமான ஒரு சோதனையை. முதலில் செய்தித்தாளை வெட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மென்மையான மரத்துண்டு ஒன்றின் ஓரத்தில், கத்தியின் முழு நீளமும் படும்படி, அழுத்தம் கொடுக்காமல் இரண்டு மூன்று முறை அறுத்துவிட்டு, மீண்டும் அதே செய்தித்தாளை வெட்ட வேண்டும். இரண்டாம் முறையும் முதல் முறை போலவே ஓசையின்றிச் சீவினால் வாய் உண்மையானது. முதல் முறை சீவி இரண்டாம் முறை கிழித்தால், முதலில் சீவியது பிசிறு. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, இருந்தும் மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

மரத்திலோ தக்கையிலோ வாயை இழுத்துப் பிசிறைப் பிய்த்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிசிறு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அது அரிபட்டுப் போகவில்லை, அடியோடு பிய்ந்து போகிறது. பிய்ந்த இடத்தில் சில மைக்ரான் அகலத்துக்கு ஒழுங்கற்ற முறிவு மிஞ்சும், அதை உருப்பெருக்கியில் மங்கலான ஒரு கோடாகக் காணலாம். முரட்டுக் கல்லில் தீட்டும்போது எழும் பெரிய பிசிறுக்கு மட்டும் நான் இதைச் செய்வதுண்டு, செய்த பிறகு அதே கல்லில் மேலும் சில தேய்ப்புகள் தேய்த்து முறிவைச் சரிசெய்துவிட்டே அடுத்த கல்லுக்குப் போகிறேன். கடைசி வேலையாக இதைச் செய்வதை நான் ஏற்கவில்லை.

தீட்டிய வாயை இழுத்து முடிக்கும் தோல்வார் வேறு வகை. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன், தீட்டிய வாய்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார். வெறும் தோலில் தீட்டுவதால் பெரிய பயன் கிடைப்பதில்லை என்பதும், குரோமியம் ஆக்சைடு பூசிய தோல் பிசிறைக் குறைத்து வாயை மேம்படுத்துகிறது என்பதும் அந்தப் படங்களில் தெளிந்த செய்திகள். தோலுக்கு அரிக்கும் திறன் இல்லை, அதன் மேல் பூசும் பச்சைப் பசைக்குத்தான் இருக்கிறது. எனவே செராமிக் கல்லில் பிசிறை எடுத்து முடித்தவர், பசை பூசிய தோலில் பக்கத்துக்கு நாலைந்து முறை இழுத்தால் கடைசி மிச்சமும் நீங்கும். அழுத்தி இழுத்தால் தோல் குழிந்து வாயைச் சுற்றி எழும்பி வாய்முனையை உருட்டிவிடும். கல்லில் எடுக்க வேண்டிய பிசிறைத் தோலில் எடுக்க முயல்கிறவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். ஓட்டல் சமையலறைகளில் தொங்கும் வரிவரியான இரும்புக் கம்பி, சாய்ந்த பிசிறை மீண்டும் நிமிர்த்தி வைப்பதோடு சரி.

கல்லின் சுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெள்ளைக் கல்லில் சில கத்திகள் தீட்டிய உடனே சாம்பல் நிறக் கோடுகள் படரும். அவை கல்லின் துளைகளில் அடைந்த எஃகுத் துகள்கள். அந்த இடத்தில் எஃகு எஃகின் மேல் வழுக்குகிறதே தவிர அரிபடுவதில்லை, பிசிறும் நீங்குவதில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சபீனா போன்ற தூளும் தண்ணீரும் கொண்டு ஒரு நிமிடம் தேய்த்தால் கல் மீண்டும் வெளுத்துவிடும். பிசிறு எடுக்கும் கட்டத்துக்கு முன் ஒரு முறை இப்படிக் கழுவுவது என் வழக்கம், தீட்டும்போது பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் இரண்டு சொட்டு விடுவதும் அடைப்பைக் குறைக்கிறது. தீட்டி முடித்த கத்தியை ஈரத் துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்துக் கழுவாமல் காய்கறியைத் தொடக்கூடாது. அறுந்த பிசிறின் துணுக்குகள் அலகில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை உணவில் சேரக்கூடாது.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்து வாங்கும் கத்திக்கும் இது உதவும். சுழலும் சக்கரத்தில் உலர்வாகப் பிடிப்பதால் எழும் பிசிறு பெரியது, கையில் தட்டுப்படும். அந்தக் கத்தியை முழுவதுமாக மீண்டும் தீட்ட வேண்டியதில்லை. பழுப்புக் கல்லில் இலேசாக மாறி மாறித் தேய்த்து, முதுகை உயர்த்தி இரண்டு தேய்ப்புகள் கொடுத்தால், அவர் உண்டாக்கிய கூர் பல மடங்கு நீடிக்கும். சாணைக்காரர்கள் சரியாகத் தீட்டுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் ஒரு முறை இதைச் செய்துபார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எஃகு மாறினால் பிசிறின் குணமும் மாறும். ஜப்பானின் யசுகியில் உருவாகும் ஷிரோகாமி போன்ற கரி எஃகுகள் 60 ராக்வெலுக்கு மேல் கடினமாக்கப்படுகின்றன. அவற்றின் பிசிறு சிறியது, வளைவதற்குள் உடைந்துவிடும், செராமிக் கல்லில் சில இலேசான தேய்ப்புகளே போதும். ஒருபக்கச் சரிவு கொண்ட யனகிபா போன்ற கத்திகளில் பின்பக்கத்தைக் கல்லில் முழுத் தட்டையாகப் படிய வைத்துத்தான் பிசிறை எடுக்க வேண்டும், அங்கே முதுகை உயர்த்தினால் கத்தியின் வடிவமே கெட்டுவிடும். ஃபுகுயி மாகாணத்தில் டகேஃபு நிறுவனம் தயாரிக்கும் விஜி-10 துருப்பிடிக்காத எஃகு. அதுவும் ஏறத்தாழ 60 ராக்வெல்தான், ஆனால் என் கையில் அதன் பிசிறு ஷிரோகாமியைவிட நெடுநேரம் பிடிவாதமாக நிற்கிறது. அதற்குக் கோணத்தை உயர்த்தும் முறையை நான் தவறாமல் பயன்படுத்துகிறேன்.

செராமிக் கல்லின் எல்லை வனேடியம் மிகுந்த எஃகுகளில் வருகிறது. குரூசிபிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட எஸ்30வி எஃகில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது கரியோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு துகள்களின் கடினம் விக்கர்ஸ் அளவில் 2,600க்கு மேல். செராமிக் கல்லின் அலுமினியம் ஆக்சைடோ 2,000ஐ ஒட்டியது. கார்பைடைச் சுற்றியுள்ள எஃகைக் கல் அரிக்கும், கார்பைடை அரிக்காது. தேய்க்கத் தேய்க்க வாய்முனை மெருகேறுவதும் பிசிறு அறாமல் புரள்வதும் இந்த எஃகில் கூடுதலாகத் தெரியும். 4 சதவீதம் வரை, சுத்தமான பழுப்புக் கல்லும் மிக இலேசான கையும் இருந்தால் சமாளித்துவிடலாம். 9 சதவீத வனேடியம் கொண்ட எஸ்90வி போன்றவற்றுக்கு நைசான வைரத் தகட்டிலேயே மேலே சொன்ன முறையில் பிசிறை எடுத்து, ஒரு மைக்ரான் வைரப் பசை பூசிய தோலில் முடித்துவிடுகிறேன். அந்தக் கத்திகளுக்கு வெள்ளைக் கல்லை நான் எடுப்பதே இல்லை.